எதிர் நாற்காலிக்கு ஒரு கவளம்

டிபன் பாக்ஸ் காலியாக இருந்தது.

நைனா முகமது மூடியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். இரண்டாவது தடவை திறந்தால் சோறு வந்துவிடும் என்று நம்புகிற வயதைத் தாண்டி அவனுக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் பார்த்தான். உள்ளே கழுவிய ஈரம். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. எலுமிச்சை சோப்பு வாசம். காலையில் தாஹிரா புளிக்குழம்புச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் அமுக்கி வைத்ததைக் கண்ணால் பார்த்திருந்தான். பை அவன் மடியைவிட்டு இறங்கவே இல்லை. பையின் வாயில் அவன் போடுகிற இரட்டை முடிச்சு போட்டபடியே இருந்தது. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பது அவனுடைய பதினெட்டு வருஷ வழக்கம். யாரோ சாப்பிட்டு, அவனைப் போலவே கழுவி, அவனைப் போலவே முடிந்து வைத்திருந்தார்கள்.

அது ஒரு கல்யாண மஹாலின் சாப்பாட்டுக் கூடம். மேலே மின்விசிறி ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கொக்கியில் இடித்து 'டொக்' என்றது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கூடம் முழுக்கப் பழைய சாம்பார் வாடையும் ஃபினாயில் வாடையும் மட்டுமே குடியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுருளிவேல் எட்டிப் பார்த்தார். பழனிப் பக்கம் கீரனூர்க்காரர், நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து நின்றவர்.

"ஏனுங்க பாய், சாப்பிடலீங்களா?"

"நோன்புங்க."

"புதன்கிழமைங்களா?"

"ஸ்பெஷல் நோன்பு. டாக்டர் வைக்கச் சொன்னது."

சுருளிவேல் சிரித்தார். நைனாவும் சிரித்தான். எந்த இடத்திலும் ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவிடுவது அவனுக்குக் கைவந்த வேலை. உண்மையில் இப்போது அவன் கைவசம் இருந்த ஒரே வேலை அதுதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், தோல் பதனிடும் கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசராக இருந்த அவனை ஆள் குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே தாஹிராவிடம் சொல்வதாகத்தான் இருந்தான். மகள் இஃப்பத்துக்குக் காய்ச்சல். மறுநாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சொல்லியிருந்தால், மூன்று நாளாக ஏன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படியே ஐந்து மாதம். கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம்தான் மாதாமாதம் சம்பளம் என்ற பெயரில் வீட்டுக்குப் போனது. தினமும் காலை எட்டு இருபதுக்குக் கழுத்தில் கம்பெனி டேக்கை மாட்டிக்கொண்டு பேகம்பூர்ச் சந்திலிருந்து வெளியேறுவான். பள்ளிவாசலைத் தாண்டியதும் டேக் பைக்குள் போய்விடும். பிறகு ரயில்வே பிளாட்பாரம், நூலகம், பஸ் ஸ்டாண்ட். ஒரே பெஞ்சில் இரண்டு நாள் உட்காரக்கூடாது, தெரிந்த முகம் வந்தால் யாரையோ வழியனுப்ப வந்ததுபோல் நிற்க வேண்டும். வேலையில்லாமல் இருப்பதில் இம்புட்டு வேலை இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில்தான் அந்த நோட்டீஸைப் பார்த்தான். 'உங்களை நீங்களே சந்தியுங்கள். நான்கு நாள் பயிலரங்கம். முதல் பேட்ச் இலவசம்.' தன்னைத் தானே சந்திக்க அவனுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மஹாலில் ஃபேன் இருக்கும்.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை, பதினோரு பேர் வந்திருந்தார்கள். நடத்தியவள் பிரிஸ்கில்லா என்ற பெண். முப்பது வயது இருக்கும். திண்டுக்கல் வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டு, கையில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் நீங்கள் உட்காருங்கள், எதிர் நாற்காலியில் உங்கள் வீட்டுக்கு நீங்கள் காட்டுகிற ஆளை உட்கார வையுங்கள் என்றாள். அந்த ஆளுடைய பொருள் ஏதாவது இருந்தால் அதை வைக்கலாம். நைனா பையிலிருந்த டேக்கை எடுத்து எதிர் நாற்காலியின் முதுகில் மாட்டினான். நாற்காலியின் பின்புறம் பச்சைப் பெயிண்டில் 47 என்று எழுதியிருந்தது.

டேக்கில் அவனுடைய பாஸ்போர்ட் சைஸ் படம். நாடியைத் தூக்குங்க சார், சிமிட்டாதீங்க சார் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்ததில், முகம் முழுக்க பிளாஷுக்குக் காத்திருக்கும் விறைப்பு. பார்க்கப் பார்க்க நைனாவுக்குக் கூசியது. தாஹிரா சோறு கட்டிக் கொடுப்பது இவனுக்கு. இஃப்பத் வாசலில் நின்று கையாட்டுவது இவனுக்கு. அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ ஒருவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான்.

மதியச் சாப்பாட்டை அந்த நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாள் பிரிஸ்கில்லா. நைனா பாக்ஸைத் திறந்தான். எதிரில் ஒருவர் இருக்கும்போது சோற்றைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை கூப்பிடாமல் சாப்பிடுவது அவன் வளர்ந்த தெருவில் யாரும் செய்யாத காரியம். ரயிலில் முன்பின் தெரியாதவரைக்கூடக் கூப்பிட்டாக வேண்டும். அவரும் இப்பத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கமும், எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் சேர்ந்து அவன் வாயைத் திறந்தன.

"வாங்க, சாப்பிடலாம்" என்றான் நாற்காலியிடம்.

நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் நைனாவுக்கு நிறுத்தத் தெரியாது. மூடியில் ஒரு கவளம் சோற்றை எடுத்து வைத்து, மரியாதையாக நாற்காலிமேல் வைத்தான்.

"கூச்சப்படாதீங்க. இது போதலைன்னா வீட்டுக்கே வாங்க ஒருநாளைக்கு. எங்க வீட்டு தால்சாவைச் சாப்பிட்டுப் பாருங்க, பெறகு நீங்க எந்திரிச்சே போக மாட்டீங்க."

"வெறுஞ்சோத்தை வச்சா எப்படிங்க பாய்? வெஞ்சனம் வைங்க" என்றார் சுருளிவேல்.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பியபோது மூடி துடைத்தாற்போல் இருந்தது. காக்கை, எறும்பு, பல்லி என்று வரிசையாக யோசித்தான். சாயங்காலம் கிளம்பும்போது டேக்கும் நாற்காலியில் இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது புதன்கிழமை. காலிப் பாக்ஸைப் பையில் வைத்து முடிந்தான். ஒன்று பதினைந்துக்குத் தாஹிரா தினமும் போன் செய்வாள். ஒன்று இருபத்தைந்து ஆகியும் வரவில்லை. அவனே கூப்பிட்டான்.

"என்னங்க மறுபடியும்?" என்றாள். "இப்பத்தான வச்சீங்க."

மின்விசிறி டொக் என்றது.

"அவரைக்காயில உப்புக் கூடிருச்சோன்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சரியாத்தான் இருந்துச்சுன்னு நீங்க சொன்னப்புறந்தான் நிம்மதி. என்ன விஷயம், சொல்லுங்க."

யார் பேசியது என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்பாள்.

"ஒண்ணுமில்ல, தாஹிரா" என்றான். "உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அதச் சொல்லத்தான்."

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குப் போனான். வாசலில் காலை வைத்தபோதே அந்த வாடை வந்தது. சாயமும் மெழுகும் எண்ணெயும் கலந்த பதனிட்ட தோலின் வாடை. பதினெட்டு வருஷமாக அவன் உடம்போடு வீட்டுக்குள் வந்து, துவைத்தாலும் போகாமல் தலையணை உறைவரைக்கும் ஊறி, கடந்த ஐந்து மாதத்தில் ஓசையில்லாமல் வெளியேறியிருந்த வாடை. அது இப்போது கூடத்தில் இருந்தது. கொடியில் இருந்தது. தாஹிரா ஒரு சட்டையை வாளியில் நனைத்துக்கொண்டிருந்தாள். அவன் போட்டிருந்த அதே நீலக் கோடு போட்ட சட்டை.

"கடைக்குன்னு போனீங்க, ஒண்ணும் வாங்காம வாரீங்க" என்றாள் ஓரக்கண்ணால் பார்த்து. "இந்தச் சட்டையில பழைய வாடை அப்படியே இருக்கு. கொஞ்ச நாளா காணோமேன்னு நெனச்சேன்."

"கொஞ்ச நாளான்னா?"

"அஞ்சு மாசமா."

அவள் தலையைத் தூக்கவில்லை. நுரையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு ஏதோ ஒன்றுக்கு இடம் விட்டதுபோலக் கையை நிறுத்தினாள். நைனா அந்த இடத்தில் ஒரு ஜோக்கை வைத்தான். "செக்ஷன்ல புதுசா சென்ட் அடிக்கிறாங்க." அவள் சிரித்தாள். இடம் மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை மஹாலில் 47ஆம் நாற்காலி இல்லை. அவன் இடத்துக்கு எதிரில் நான்கு கால் வைத்த தடம் மட்டும் தரைத் தூசியில் இருந்தது. கூடம் பெருக்கிக்கொண்டிருந்த மாயம்மாளிடம் கேட்டான்.

"ஏப்பு, என்னயக் கிறுக்கியாக்கப் பாக்குறியா?" என்றாள் அவள் விளக்குமாற்றை ஊன்றி. "நேத்துப் பொழுது சாய நீதான தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போன? எங்கய்யான்னா, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாக, உக்கார வேணும்லன்னு சொன்ன. கழுத்துல கயிறு போட்டு அட்டை மாட்டியிருந்த."

"நானா?"

"இந்த மூஞ்சிதான். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. கண்ணச் சிமிட்டாம இப்படியா பேசுவ ஒரு பொம்பளகிட்ட? எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

நைனா பிரிஸ்கில்லாவிடம் போனான். எதிர் நாற்காலியில் உட்கார வைத்த ஆளை எப்படித் திரும்ப எழுப்புவது என்று கேட்டான். கேட்கும்போதே, எழுந்து போனவனைத் திரும்ப உட்கார வைக்கத்தான் வழி தேவை என்று தோன்றியது. அவள் ஃபைலைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள். பின்னால் புரட்டினாள்.

"சாப்பாடு குடுக்கிறது இதுல இல்லையே சார்" என்றாள் மெதுவாக. "கேள்வி மட்டுந்தான் கேக்கணும்னு போட்டிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கு லெவல் டூ இருக்கு சார். எனக்கு இன்னும் டிரெய்னிங் குடுக்கல."

அன்று சாயங்காலம் அவன் சீக்கிரமே வீட்டுக்கு ஓடினான். ஐந்து மணி. கூடத்தில் யாரும் இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தான். முதுகில் சுவர் சூடாக இருந்தது, யாரோ வெகுநேரம் சாய்ந்திருந்து எழுந்துபோன மாதிரி. இஃப்பத் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வர முடியாது, ஆபீஸில் லீவு இல்லை என்று காலையில்தான் அவளிடம் சொல்லியிருந்தான். ஆசிரியை வேலையைப் பற்றிக் கேட்பாள் என்ற பயம்.

"அத்தா, வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. என் ஃபிரெண்ட்ஸெல்லாம் பாத்தாங்க. மிஸ் கேட்டப்ப உங்க வேலையப் பத்தி எம்புட்டு அழகாச் சொன்னீங்க."

அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் ஐந்து மாதமாகப் பார்க்கவில்லை. இல்லம்மா, அது நான் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்வரைக்கும் வந்தது.

"உனக்காகத்தான் பெர்மிஷன் போட்டு வந்தேன்" என்றான்.

அவள் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். மூக்கைச் சுளித்தாள்.

"இப்ப உங்க மேல பஸ் ஸ்டாண்டு வாடை வருது, அத்தா."

அவன் செய்யாத நல்லதையெல்லாம் அவன் பெயரில் அந்த ஆள் செய்துகொண்டிருந்தான். அவன் ஒவ்வொன்றையும் 'ஆமாம், நான்தான்' என்று கைநீட்டி வாங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் காலுக்குக் கீழே தரை ஒரு விரற்கடை குறைவதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடி மேடையிலேயே இருந்தது. தாஹிரா பருப்பு களைந்துகொண்டிருந்தாள்.

"சாப்பாடு கட்டலையா?"

"நீங்கதான நேத்துச் சொன்னீங்க. ஜும்மா முடிஞ்சு வீட்டுக்கே சாப்பிட வாரேன், தால்சா வையின்னு. இஃப்பத்துக்கும் இன்னைக்கு அரை நாள்தான்."

செவ்வாய்க்கிழமை நாற்காலியிடம் அவனே சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கே வாங்க ஒருநாளைக்கு.

"நாந்தான் சொன்னேன்" என்றது அவன் வாய், பழக்கத்தில்.

அன்று மஹாலுக்குப் போகவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். இன்றைக்கு, அந்த ஆள் வருவதற்கு முன்னால், நேருக்கு நேராக. தாஹிரா அழலாம், கத்தலாம், நாலு நாள் பேசாமல் இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னவன் ஒருவன்தான் இருப்பான். இன்னொருவனுக்கு அந்த வீட்டில் இடம் இருக்காது. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்மா தொழுதான். தொழுகை முடிந்ததும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுத் தொட்டிக்கரையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான். முதலில் அதில் ஒரு ஜோக் இருந்தது. அதை எடுத்தான். எடுத்த பிறகு வாக்கியம் அவ்வளவு அம்மணமாக நின்றது. அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்ததால் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு நடந்தான். வெயில் தலையைப் பிளந்தது. கடைகள் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. தெரு முழுக்கத் தால்சா வாசமும் நெய்ச்சோற்று வாசமும். பேகம்பூர்ச் சந்துக்குள் திரும்பியதும் அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்று.

தோல்.

மூன்றாவது வீடு, அவனுடையது. வாசற்படியில் ஒரு ஜோடி ஷூ. இடது குதிகாலில் கறுப்பு நூலால் தைத்த தையல். நைனா குனிந்து தன் காலைப் பார்த்தான். அதே ஷூ. அதே தையல்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். இஃப்பத்தின் சிரிப்பு. யாரோ ஒரு ஜோக் சொல்லி முடித்திருந்தார்கள். அந்த ஜோக் அவனுக்குத் தெரியும்.

பாய் விரித்துச் சாப்பிடுகிற கூடத்தில், பாய்க்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகு வாசலைப் பார்த்து. பச்சைப் பெயிண்டில் 47. அதற்கு மேலே ஒரு தலை. உச்சியில் எட்டணா அளவு வழுக்கை. தனக்கு வழுக்கை விழுந்திருப்பது நைனாவுக்கு அன்றுவரைக்கும் தெரியாது.

இஃப்பத் அவனைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள்.

"யாருங்க வேணும்?"

"இஃப்பத்து" என்றான்.

அடுப்படியிலிருந்து தாஹிரா கரண்டியோடு வந்தாள். அவனைக் கண்டதும் நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டாள். ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அயல் ஆண் வந்தால் ஒதுங்குவதுபோல. பதினாறு வருஷத்தில் அவன் முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை.

"யாரு வந்திருக்கா?" என்றது நாற்காலி. அவனுடைய குரல். திரும்பவில்லை.

"தெரியல, அத்தா."

"எங்க கம்பெனியில முன்னாடி இருந்தவுக. பாவம், இப்ப வேலையில்ல." கொஞ்சம் நிறுத்தி, மரியாதையாக, "வாங்க, சாப்பிடலாம்" என்றது.

ஓடியிருக்கலாம். ஓடினால் இந்த வாசல் அவனுக்கு இனிமேல் இல்லை. உள்ளே இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. நைனா ஷூவைக் கழற்றினான். பாயின் ஓரத்தில், வாசற்பக்கமாகவே, தலையைக் குனிந்து உட்கார்ந்தான். இஃப்பத் செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல் அவன் கையில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாடை.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

"எனக்கு வேலை போயிருச்சு" என்றான் தரையைப் பார்த்து. "அஞ்சு மாசமாச்சு. வீட்டுல சொல்லல. தெனமும் கெளம்பிப் போயி ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அடுப்பில் தால்சா தளதளத்தது. கதவுக்குப் பின்னாலிருந்து தாஹிராவின் குரல் வந்தது. தணிந்த, இரக்கமுள்ள, முன்பின் அறியாதவர்களிடம் பேசுகிற குரல்.

"வீட்டுல சொல்லிருங்கண்ணே. அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க சொல்லட்டும்னுதான் இருந்திருப்பாக. நானா இருந்தா கோவிச்சிக்கிட்டிருக்க மாட்டேன்."

நைனாவுக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் பிளாஸ்டிக் கால்கள் பாயை உரசின. நாற்காலி அவன் பக்கம் திரும்பியது. யாரும் எழவில்லை. அது திரும்பியது.

டிபன் பாக்ஸின் மூடி அவன் முன்னால் வந்தது. அதில் ஒரே ஒரு கவளம்.

"கூச்சப்படாதீங்க."

தலையைத் தூக்கினான். தூக்கிய நாடி. விறைத்த கழுத்து. நிழலே விழாத, தட்டையான, வெளிச்சம் அடித்த முகம். பிளாஷ் எப்போது வரும் என்று காத்திருந்தது. இஃப்பத் அதன் தோளில் சாய்ந்து, கழுத்து டேக்கின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். டேக்கில் படம் இருந்த கட்டம் வெள்ளையாக இருந்தது. முகம் அவனையே பார்த்தது. கண் சிமிட்டவில்லை. தாடை மட்டும் மென்றுகொண்டே இருந்தது.